ஆள் கூடினால் பாம்பு சாகாது

விழுப்புரத்திலிருந்து திருச்சி போகிற ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்திருக்கிறதா? விருத்தாசலம் ஜங்ஷன் வந்ததும் ஒரு நிமிஷம் இந்த ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் இதன் பழைய அடையாளங்கள். புது அடையாளம், பீங்கான்! பக்கத்திலேயே நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது நல்ல களிமண்ணும் சேர்ந்தே கிடைக்கிறது. அதை நம்பி இங்கே ஒரு தொழிற்பேட்டை. பீங்கான் தொழிலைப் படிப்பாகவே சொல்லித்தர ஒரு அரசுக் கல்லூரி. உங்கள் வீட்டுப் பழைய மெயின் போர்டில் இருக்கிற வெள்ளை ஃபியூஸ் கட்டையோ, கொலுப் படியில் உட்கார்ந்திருக்கிற பளபளப்பான பொம்மையோ இந்த ஊர்ச் சூளையிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

பீங்கான் என்றால் சூளை. சூளை என்றால் தீ. அதுவும் சும்மா அடுப்புத் தீ இல்லை. நல்ல பீங்கானுக்கு 1200 டிகிரிக்கு மேலே போகவேண்டும். அந்தச் சூட்டில் உள்ளே தலையை விட்டுப் பார்க்க முடியாது. ஆனாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும். என்ன செய்வார்கள்?

சூளைச் சுவரில் சின்னதாக ஒரு துளை இருக்கும். அதன் வழியே நிறத்தைப் பார்ப்பார்கள். மங்கலான சிவப்பு என்றால் சூடு 700ஐ ஒட்டி இருக்கிறது. ஆரஞ்சு என்றால் 1000 பக்கம் வந்துவிட்டது. வெளிர் மஞ்சள் என்றால் 1200. கூடவே, குறிப்பிட்ட சூட்டில் இளகித் தலைசாய்க்கிற மாதிரி செய்த சின்னச் சின்னக் கூம்புகளையும் உள்ளே வைத்திருப்பார்கள். கூம்பு சாய்ந்தால் பொருள் வெந்துவிட்டது.

அப்புறம் இன்னொரு விஷயம். தீயை நிறுத்தியதும் கதவைத் திறந்துவிட முடியாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த காற்று பட்டு, அத்தனை பொம்மையும் விரிசல் விட்டுவிடும். எனவே எப்போது திறப்பது என்பதை அனுபவமுள்ள ஒருத்தர் சொல்லவேண்டும். பத்துப் பேர் ஆளுக்கொரு நேரம் சொன்னால் அன்றைக்குச் சரக்கு காலி.

ஆக, தீயோடு பழகுவதற்கு இரண்டு பாடங்கள். ஒன்று, வெளியே நின்றே தீயைப் படிக்கத் தெரியவேண்டும். இரண்டு, முடிவெடுக்க ஒரே ஒரு ஆள் இருக்கவேண்டும்.

ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரிகிறது, இல்லையா? இந்த இரண்டும் இல்லாமல் போனதால் ஒரு மாநகரத்தின் துறைமுகமே சின்னாபின்னமான கதை ஒன்று உண்டு. அந்தக் கதை நடந்த தேதிக்கும் விருத்தாசலத்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. விருத்தாசலம் மட்டும் இல்லை. உங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்துக்கும்தான்.

ஏப்ரல் 14. பெரும்பாலான வருஷங்களில் நமக்குச் சித்திரை முதல் நாள். வீட்டில் வேப்பம்பூப் பச்சடி, மாங்காய்ப் பச்சடி என்று அமர்க்களப்படும். அதே காலையில் நாடு முழுக்க தீயணைப்பு நிலையங்களில் சைரனும் மணியும் அடங்கி, வீரர்கள் வரிசையாக நின்று மௌன அஞ்சலி செலுத்துவார்கள். அன்று தொடங்கி ஒரு வாரம், ஏப்ரல் 20 வரை, தீத்தொண்டு வாரம். பள்ளிக்கூடத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் வந்து ஒத்திகை காட்டுவார்கள், நோட்டீஸ் கொடுப்பார்கள். நாமும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம்.

யாருக்கு அந்த அஞ்சலி? 1944ம் வருஷம் அதே ஏப்ரல் 14ம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் செத்துப்போன 66 தீயணைப்பு வீரர்களுக்கு.

*

இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். பர்மா எல்லையில் ஜப்பான்காரன் வந்து நிற்கிறான். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆயுதங்கள் கடல் வழியே வந்து குவிந்துகொண்டிருந்தன. அப்படி வந்த கப்பல்களில் ஒன்று ஃபோர்ட் ஸ்டிகின். 1942ல் கனடாவில் கட்டப்பட்ட 7142 டன் சரக்குக் கப்பல். கேப்டன் பெயர் அலெக்சாண்டர் நெய்ஸ்மித்.

1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பர்கன்ஹெட் துறைமுகத்திலிருந்து கிளம்பியபோது அதில் என்ன இருந்தது? சுமார் 1400 டன் வெடிபொருட்கள். குண்டுகள், டார்பிடோக்கள், கண்ணிவெடிகள். அதில் 238 டன், தொட்டால் சிணுங்கி ரகம். பெட்டிகளில் கட்டிய ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள். போதாக்குறைக்கு 31 பெட்டிகளில் தங்கக் கட்டிகள். அன்றைய மதிப்பில் சுமார் 9 லட்சம் பவுண்டு!

வழியில் கராச்சி. அங்கே கொஞ்சம் சரக்கு இறங்கியது. காலியான இடத்தில் வேறு சரக்கு ஏற்றினார்கள். பஞ்சுப் பொதிகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், பழைய இரும்பு. வெடிமருந்துக்குப் பக்கத்தில் பஞ்சும் எண்ணெயுமா? நெய்ஸ்மித் எதிர்ப்புத் தெரிவித்தார். போர்க்காலம், கப்பலில் ஒரு மூலையைக்கூட காலியாக விடமுடியாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கப்பலின் இரண்டாம் நம்பர் கிடங்கில் கீழே பஞ்சு, அதற்கு மேல் அடுக்கில் வெடிமருந்து. இந்தக் காட்சியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இங்கேதான் இருக்கிறது.

ஏப்ரல் 12ம் தேதி கப்பல் பம்பாய் வந்து, விக்டோரியா டாக்கில் முதல் நம்பர் மேடையில் கட்டப்பட்டது. சமாதான காலத்தில் என்றால் வெடிபொருளை வெளியிலேயே படகுகளில் இறக்கிவிட்டுத்தான் கப்பல் உள்ளே வரவேண்டும். போர் அவசரத்தில் அந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள். வெடிமருந்துக் கப்பல் என்று எச்சரிக்கும் சிவப்புக் கொடியும் பறக்கவில்லை. அதனால் பக்கத்துக் கப்பல்காரர்களுக்கே தங்கள் தோளில் என்ன உரசிக்கொண்டு நிற்கிறது என்று தெரியாது. போதாதென்று, ரிப்பேர் பார்ப்பதற்காகக் கப்பலின் இன்ஜினையும் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதாவது, ஆபத்து என்றால் கப்பல் தானாக நகர முடியாது.

ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே அந்தக் கப்பலிலிருந்து மெல்லியதாகப் புகை வருவதைத் தூரத்திலிருந்த சிலர் பார்த்திருக்கிறார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்த கூலிகள் சரக்கு இறக்கத் தயாரானபோதுதான், இரண்டு மணி வாக்கில், இரண்டாம் நம்பர் கிடங்கில் தீ என்று கூச்சல் கிளம்பியது. அணையாத சிகரெட் துண்டு என்பது பலருடைய சந்தேகம்.

தீயணைப்புக்குச் சொன்னார்கள். எப்படிச் சொன்னார்கள்? 'தீ' என்ற செய்தி போனது. 'வெடிமருந்து' என்ற வார்த்தை அதோடு போகவில்லை. எனவே சாதாரணத் தீக்கு வருவதுபோல முதலில் வந்தவை இரண்டே வண்டிகள். விஷயம் தெரிந்த பிறகுதான் மற்ற வண்டிகள் பறந்து வந்தன.

வந்தவர்கள் குழாயை மாட்டித் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். எங்கே? புகை வருகிற திசையில்! தீ எந்த இடத்தில் என்று யாருக்கும் தெரியவில்லை. அடர்ந்த புகை, உள்ளே இறங்கமுடியவில்லை. மேலிருந்து கிடங்குக்குள் டன் டன்னாகத் தண்ணீர். மொத்தம் 900 டன்னுக்கு மேல்!

தண்ணீர் ஊற்றினால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். பஞ்சு மிதக்கும் சாமி! கீழே கிடந்த பஞ்சுப் பொதிகள் எரிந்துகொண்டே தண்ணீரில் மிதந்து மேலே வந்தன. மேல் அடுக்கில் என்ன இருக்கிறது? வெடிமருந்து. ஊற்றிய ஒவ்வொரு டன் தண்ணீரும் தீயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெடிமருந்தை நோக்கித் தூக்கிவிட்டது. அந்த வீரர்கள் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். ஆனால் அந்த உழைப்பு எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பார்த்துச் சொல்ல ஆளில்லை.

இத்தனைக்கும் தீ தன் முகவரியை எழுதிக் காட்டியது. கப்பலின் இடது பக்கத்து இரும்புச் சுவரில் ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட் கொப்பளித்து உரிந்தது. உள்ளே அந்த இடத்தில்தான் நெருப்பு! சூளைத் துளையில் தெரிகிற நிறம் மாதிரிதான் இதுவும். வெளியே நின்றே உள்ளே இருப்பதைச் சொல்லும் அடையாளம். பார்த்தார்கள்; புரிந்தும் கொண்டார்கள். அந்த இடத்தில் கேஸ் கட்டரால் துளை போட்டு நேராகத் தண்ணீர் அடிக்கலாம் என்று கட்டரை வரவழைத்தார்கள். கட்டர் வந்தது. வேலை செய்யவில்லை.

*

இனிதான் முக்கியமான கட்டம். மேல்தளத்தில் இப்போது யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

கேப்டன் நெய்ஸ்மித். கப்பல் அவருடையது. ராணுவ வெடிமருந்து அதிகாரி கேப்டன் ஓபர்ஸ்ட். சரக்குப் பட்டியலைப் பார்த்ததுமே வெலவெலத்துப் போனவர் அவர். இந்தக் கப்பல் வெடித்தால் துறைமுகமே போய்விடும், உடனே மூழ்கடியுங்கள் என்றார். துறைமுகத்தின் பொது மேலாளர் கர்னல் சாட்லர் வந்தார். கப்பலை இழுத்துக்கொண்டு போய் வெளிக்கடலில் விட்டுவிடுங்கள் என்றார். பம்பாய்த் தீயணைப்புப் படையின் தலைவர் நார்மன் கூம்ஸ், இங்கேயே வைத்துத் தண்ணீர் அடித்து அணைக்கப் பார்ப்போம் என்றார்.

மூழ்கடி. இழுத்துக்கொண்டு போ. இங்கேயே அணை. மூன்று யோசனைகள்.

வேடிக்கை என்னவென்றால், மூன்றிலுமே நியாயம் இருந்தது. மூன்றிலுமே சிக்கலும் இருந்தது. மூழ்கடிக்கலாம்; ஆனால் டாக்கில் ஆழம் போதாது, கப்பல் கொஞ்சம் இறங்கித் தரையில் உட்கார்ந்துவிடும். இழுத்துப் போகலாம், இன்ஜின் இல்லை, குறுகலான வாசல் வழியே இழுக்க நேரமாகும், வழியில் வெடித்தால் என்ன செய்வது? அணைக்கலாம், தீ எங்கே என்று தெரிந்தால்!

ஆனாலும் இரண்டரை மணிக்கு இந்த மூன்றில் எதையாவது ஒன்றை ஒருத்தர் உறுதியாகத் தேர்ந்தெடுத்து, மற்ற எல்லோரும் அதற்குக் கைகொடுத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்க வாய்ப்புண்டு. குறைந்தபட்சம், டாக்கில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களை 'எல்லோரும் வெளியே போங்கள்' என்று விரட்டியிருக்கலாம். அதற்கு மூன்று யோசனைகளில் எதுவும் தேவையில்லை. ஒரு உத்தரவு போதும். அதுவும் வரவில்லை. பக்கத்துக் கப்பல்காரர்கள் கம்பியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் வரவில்லை? கப்பல் கேப்டனுடையது. டாக் துறைமுகத்துடையது. தீ தீயணைப்புப் படையுடையது. வெடிமருந்து ராணுவத்துடையது. ஒவ்வொருத்தருக்கும் தன் பங்குக்கு அதிகாரம் இருந்தது. முழு விஷயத்துக்கும் பொறுப்பு யார்? யாரும் இல்லை. ஒருத்தர் யோசனை சொல்வார், அடுத்தவர் தலையாட்டுவார், இன்னொருவர் மறுப்பார். நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள், ஆள் கூடினால் பாம்பு சாகாது என்று! இங்கே பாம்பு கிடங்குக்குள் சுருண்டு கிடந்தது. மேலே தடியோடு நிறையப் பேர்.

மாலை 3.50. தீ மேலே பாய்ந்து வந்துவிட்டது. இனி முடியாது, கப்பலை விட்டு இறங்குங்கள் என்று உத்தரவு. இறங்கினார்கள். ஆனால் கரையில் நின்ற தீயணைப்பு வீரர்கள் குழாயைக் கீழே போடவில்லை. அங்கிருந்தபடியே தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினாறு நிமிடம் கழிந்தது. 4.06.

கப்பல் இரண்டாகப் பிளந்தது. 12 கிலோமீட்டர் தள்ளியிருந்த வீடுகளில்கூட ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. 1700 கிலோமீட்டர் தொலைவில் சிம்லாவில் நில அதிர்வுக் கருவி துடித்தது. பக்கத்தில் நின்ற ஜலபத்மா என்ற கப்பலை அலை அப்படியே தூக்கிக் கரை மேல் எறிந்தது. தங்கக் கட்டிகள் வானத்தில் பறந்தன. ஒவ்வொன்றும் 28 பவுண்டு எடை. ஒன்று, ஒரு மைல் தூரத்தில் இருந்த ஒரு பார்சிக்காரர் வீட்டு வராந்தாவில் வந்து விழுந்தது! எரியும் பஞ்சு நகரத்தின் மேல் மழையாகப் பொழிந்தது. குடிசைகள் பற்றிக்கொண்டன.

உதவிக்கு ஓடிவந்தவர்கள் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, 4.34க்கு இரண்டாவது வெடிப்பு. கப்பலின் பின்பாதியில் இருந்த மிச்ச வெடிமருந்து.

செத்தவர்கள் எத்தனை பேர்? 800லிருந்து 1300 வரை கணக்குச் சொல்கிறார்கள். கேப்டன் நெய்ஸ்மித் அதில் ஒருவர். 80,000 பேர் வீடிழந்தார்கள். 13 கப்பல்கள் போயின. தீயை அடக்க மூன்று நாள். இடிபாடுகளை அள்ள 8000 பேர் ஏழு மாதம் உழைத்தார்கள். போர்க்காலத் தணிக்கை என்பதால் நம் பத்திரிகைகளில் மே மாதம் வரை மூச்! ஜப்பான் பிடியிலிருந்த சைகான் ரேடியோதான் விஷயத்தை முதலில் உலகத்துக்குச் சொன்னது.

பம்பாய்த் தீயணைப்புப் படையில் இறந்தவர்கள் 66 பேர். காயம் 83. கோழைத்தனத்தாலோ சோம்பேறித்தனத்தாலோ ஒருவர்கூடச் சாகவில்லை. உத்தரவு வந்திருந்தால் நகர்ந்திருப்பார்கள். வரவில்லை, நின்றார்கள்.

*

இது ஏதோ போர்க்கால விபத்து, நம் ஊர்க் குழப்பம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மூன்றே வருஷத்தில், 1947 ஏப்ரல் 16 அன்று, அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் கிராண்ட்கேம்ப் என்ற கப்பலில் புகை. உள்ளே 2300 டன் அம்மோனியம் நைட்ரேட் உரம். தண்ணீர் ஊற்றினால் சரக்கு பாழாகும் என்று கேப்டன் கிடங்கை மூடி நீராவியைச் செலுத்தச் சொன்னார். நீராவியின் சூட்டில் உரம் இன்னும் கொதித்தது. காலை 9.12க்கு வெடித்தது. ஊரின் 28 தன்னார்வத் தீயணைப்பு வீரர்களில் 27 பேர் இறந்தார்கள். மொத்தச் சாவு 581. அந்த உரம் வெடிக்கும் என்று கரையில் நின்றவர்களுக்குத் தெரியாது.

பணக்கார அமெரிக்கா உடனே பாடம் கற்றுக்கொண்டதா? இல்லை. 1970 வரை காத்திருந்தது.

அந்த வருஷம் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ. பதிமூன்று நாளில் 16 பேர் பலி, சுமார் 700 கட்டடங்கள் சாம்பல். பணத்துக்கும் வண்டிக்கும் ஆளுக்கும் அங்கே பஞ்சமா? பிறகு உட்கார்ந்து அலசியபோது ஆச்சரியமான ஒரு பதில் கிடைத்தது. தண்ணீர் குறைவு, வீரம் குறைவு என்பதெல்லாம் பெரிய காரணங்களே இல்லை. பல ஊர்ப் படைகள் வந்தன. ஒரு படையின் ரேடியோவில் இன்னொரு படை பேச முடியவில்லை. ஒரே வார்த்தைக்கு ஊருக்கு ஊர் வேறு அர்த்தம். யார் யாருக்கு உத்தரவு போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சுருக்கமாகச் சொன்னால், தோற்றது நிர்வாகம்!

அதிலிருந்து பிறந்ததுதான் 'இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம்'. பெயர்தான் பெரிசு. உள்ளே இருப்பதெல்லாம் நம் கல்யாண வீட்டுக்கே தெரிந்த சங்கதி. எல்லோரும் எல்லோரையும் விரட்டினால் பந்தியில் சாம்பாருக்கு முன்னால் பாயசம் வந்துவிடும், இல்லையா? அதேதான்.

முதல் விதி: சம்பவ இடத்துக்கு முதலில் வந்து சேர்கிற அதிகாரிதான் கமாண்டர். சின்ன அதிகாரியா பெரிய அதிகாரியா என்ற கேள்வியே இல்லை. அவரைவிடப் பெரியவர் பிறகு வந்தால், நேருக்கு நேர் நின்று நிலைமையைச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைக்கவேண்டும். பெரியவர் வந்தார் என்பதாலேயே பொறுப்பு தானாகக் கைமாறாது. எந்த நிமிஷத்தில் கேட்டாலும், 'இங்கே கமாண்டர் யார்?' என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில் இருக்கவேண்டும்.

இரண்டாவது: ஒரு ஆளுக்கு ஒரு மேலதிகாரிதான். ஒரு அதிகாரியின் நேரடிப் பார்வையில் சுமார் ஐந்து பேர், ஏழைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நடுவில் இன்னொருவரைப் போடு. மூன்றாவது: சங்கேத பாஷை வேண்டாம், எல்லோருக்கும் புரிகிற பேச்சில் பேசு.

அந்த முதல் அதிகாரி வண்டியிலிருந்து இறங்கியதும் என்ன செய்யவேண்டும்? குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது! இதுதான் சாதாரண மனுஷனுக்குப் புரியாத இடம். வீடு எரிகிறது, வந்தவர் சுற்றிச் சுற்றி வேடிக்கை பார்க்கிறாரே என்று கூட்டம் கத்தும். அவர் பார்ப்பது வேடிக்கை இல்லை. முடிந்தால் கட்டடத்தை ஒரு முழுச் சுற்று சுற்றுகிறார். உள்ளே ஆள் உண்டா? எது எரிகிறது? எந்தப் பக்கம் பரவும்? பக்கத்தில் என்ன இருக்கிறது? சுவர் தாங்குமா? புகை எந்த நிறம், எவ்வளவு வேகம்? கறுத்துத் திரண்டு வேகமாகப் பொங்கினால் அறை முழுக்க ஒரே நொடியில் பற்றிக்கொள்ளப் போகிறது என்று அர்த்தம். மூடிய கதவிடுக்கில் புகை மூச்சு விடுகிற மாதிரி உள்ளே போய் வெளியே வந்தால், கதவைத் திறக்காதே! உள்ளே நெருப்பு காற்றுக்காகப் பசியோடு காத்திருக்கிறது, திறந்தால் வெடிக்கும். சூளைக் கதவாவது பொம்மையைத்தான் உடைக்கும்.

அதன் பிறகு ஒரு கணக்கு. உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பெரிய ஆபத்தில் இறங்கலாம். வெறும் பொருள் என்றால் கொஞ்சம்தான். ஏற்கெனவே போய்விட்டதற்காக எதையும் பணயம் வைக்காதே.

இந்தக் கணக்கை நம் சென்னையில் பார்த்திருக்கிறோம். 2017 மே 31, அதிகாலை. தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி சென்னை சில்க்ஸ் கடையில் தீ. மேலே சிக்கியிருந்த ஊழியர்களை முதலில் மீட்டார்கள். அதற்குப் பிறகு உள்ளே இருந்தது துணிதான். கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. அக்கம்பக்கத்தை விலக்கி வைத்தார்கள். நாள் முழுக்க எரிவதைத் தொலைக்காட்சியில் பார்த்து, 'என்னய்யா அணைக்கிறாங்க?' என்று அலுத்துக்கொண்டவர்கள் நிறைய. மறுநாள் விடிவதற்குள் மேல்தளங்கள் பொலபொலவென்று சரிந்தன. அந்த இடிபாட்டில் ஒரு தீயணைப்பு வீரர்கூடச் சிக்கவில்லை. எரிந்து முடித்த துணிக்காக உள்ளே ஆளை அனுப்பியிருந்தால் இன்னொரு ஏப்ரல் 14 ஆகியிருக்கும்.

இந்தியாவிலும் இந்த முறையைக் காகிதத்தில் ஏற்றிவிட்டார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010 ஜூலையில் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. மாவட்டத்துக்குப் பொறுப்பு கலெக்டர். அவருக்குக் கீழே சம்பவத்தின் தளபதி யார், சரக்கு யார், திட்டம் யார் என்று எல்லாம் வரிசைப்படுத்தியிருக்கிறது. சபாஷ்!

ஆனால் முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒரு தகவல் இல்லையென்றால் அது குருடுதான். உள்ளே என்ன இருக்கிறது என்ற தகவல். 2015 ஆகஸ்ட் 12, சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கில் தீ. உள்ளே என்னென்ன ரசாயனம் என்று தெரியாமலே வீரர்கள் இறங்கினார்கள். 173 பேர் போனார்கள். அதில் நூறு பேருக்கு மேல் தீயணைப்பு வீரர்கள். 2020 ஆகஸ்ட் 4, பெய்ரூட் துறைமுகம். கிடங்கில் தீ என்று அழைப்பு. பத்துப் பேர் கொண்ட குழு போனது. அங்கே 2750 டன் அம்மோனியம் நைட்ரேட் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. பத்துப் பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அந்தச் செய்தி வந்த பிறகுதான் நம் மணலியில் 2015லிருந்து சுமார் 700 டன் அதே சரக்கு கிடப்பது எல்லோருக்கும் உறைத்தது. அடித்துப் பிடித்து ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

1944ல் பம்பாயில் போய்ச் சேராத அதே ஒரு வார்த்தை, 76 வருஷம் கழித்து பெய்ரூட்டிலும் போய்ச் சேரவில்லை. இந்த இடத்தில் உங்களுக்கும் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது.

கமாண்டருக்கு முதல் கண், 101க்கு போன் செய்கிற ஆள். விருத்தாசலம் பேட்டையில் ஒரு பட்டறை எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 'சார், தீ, சீக்கிரம் வாங்க' என்று மட்டும் சொல்லி போனை வைத்தால், வருகிறவர் பாதி குருடராகத்தான் வருவார். 'பீங்கான் பட்டறை, பின்பக்கம் பொம்மை கட்டுகிற வைக்கோல் இருக்கு, சூளைக்கு கேஸ் சிலிண்டர் எட்டு இருக்கு, உள்ளே ரெண்டு பேர் மாட்டியிருக்காங்க, கிழக்குத் தெரு வழியா வண்டி வரும்' என்று சொன்னால்? அரை நிமிஷம்கூட அதிகம் ஆகாது. வண்டி வந்து நிற்கும்போதே அந்த அதிகாரியின் மனசில் பாதி வரைபடம் தயார். எத்தனை வண்டி, தண்ணீரா நுரையா, எந்தப் பக்கம் நிற்பது, எல்லாமே அந்த அரை நிமிஷத்தில் இருக்கிறது.

கடையோ, கிடங்கோ, பட்டறையோ வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். உள்ளே என்ன சரக்கு, எங்கே மெயின் ஸ்விட்ச், எங்கே சிலிண்டர் என்று ஒரு தாளில் எழுதி வாசலில் வாட்ச்மேன் கையில் கொடுத்து வையுங்கள். செலவு ஒரு ரூபாய். வண்டி வந்ததும் அதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்றும் அவருக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், கூட்டத்தில் நிற்கிற நாம். 'அந்த ஜன்னலை உடைங்க', 'இந்தப் பக்கம் அடிங்க' என்று ஆளுக்கொரு யோசனை சொல்வது நமக்குப் பிறவிக் குணம். அன்றைக்கு ஃபோர்ட் ஸ்டிகின் மேல்தளத்தில் நின்றவர்கள் எல்லோரும் நம்மைவிட விவரமானவர்கள். அவர்கள் சொன்ன யோசனைகளும் நம் யோசனையைவிட நல்லவை. இரண்டு மணி நேரம் பேசினார்கள். அதனால் தெரிந்ததைச் சொல்லுங்கள், உத்தரவு போடாதீர்கள், விலகி நின்று வழி விடுங்கள்.

அடுத்த தீத்தொண்டு வாரத்தில் யாராவது ஒரு வீரர் பஸ் ஸ்டாண்டில் உங்கள் கையில் நோட்டீஸ் கொடுத்தால், மடிப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடுங்கள். அந்தத் தாளுக்குப் பின்னால் 66 பேர் நிற்கிறார்கள்.